விரலறியும் மேடு

ஐம்புலன்களுள் கண்ணையும் செவியையும் நாம் பெரிதும் போற்றுகிறோம். நாவையும் மூக்கையும் ஓரளவு மதிக்கிறோம். மெய்யினால் அறியும் அறிவை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆனால், உயிர்களை அறிவு வகையால் பகுத்துக் காட்டிய தொல்காப்பியர் உற்றறிதலையே முதல் அறிவாக வைத்தார். இன்று நான் பேசப் புகும் பொருள் அந்த உற்றறிவைச் சார்ந்தது. பிறர் பயன்படுத்திய மெக்கானிகல் விசைப்பலகை ஒன்றை வாங்கச் செல்லும் மாணவர், அதன் சுவிட்சுகளை விரலாலேயே ஒப்பிட்டு அறிவது எங்ஙனம் என்பதுதான் அப்பொருள்.

இத்தனை சிறிய பொருளுக்கு ஒரு தனிப் பேச்சு வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை ஒன்றை அடித்து முடிக்க, இடைவெளிகளையும் சேர்த்து ஏறக்குறைய 6,000 தடவை விசைகளை அழுத்த வேண்டும். ஆய்வேடு எழுதுகின்ற மாணவரோ, கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பழகுகின்ற மாணவரோ நாளொன்றுக்கு 10,000 தடவை அழுத்துவது வியப்பன்று. ஓராண்டில் அது 36 இலட்சத்தைத் தாண்டுகிறது. இவ்வளவு நெருக்கமாக விரல் உறவாடும் பொருள் நம் வாழ்வில் வேறு எத்தனை உண்டு? அப்படியிருந்தும், விசைப்பலகை வாங்கும்போது மட்டும், அதனுள் விளக்கு எத்தனை நிறங்களில் எரிகிறது என்று பார்த்து வாங்குகிறோம்!

இன்னொன்றும் உண்டு. புதியதை வாங்கப் பொருள் போதாமையால்தான் மாணவர் பழையதை நாடுகிறார். அதற்கென்று அவர் எடுத்துச் செல்லும் சில ஆயிரம் ரூபாய், பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். விற்றவர் அதைத் திரும்பத் தருவதில்லை. ஆகையால், வாங்குமுன் கிடைக்கும் பத்து நிமிட நேரத்தில் எதைப் பார்க்கவேண்டும் என்று தெரிந்திருப்பது அவருக்குப் பெரிய காரியந்தான்.

தொடங்குமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். 'விசை' என்ற சொல் இயற்பியல் பாடத்தில் ஒரு பொருளையும், விசைப்பலகையில் வேறொரு பொருளையும் தருகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் குழப்பமே மிஞ்சும். ஆகவே இப்பேச்சில் விசை என்றால் விரலால் அழுத்தும் பொத்தான்தான். இயற்பியலார் கூறும் விசையைப் பளு என்று வழங்குவேன். அதைக் கிராம் கணக்கில் சொல்வேன். சுவிட்சு செய்வோர் தம் ஏடுகளில் சென்டிநியூட்டன் என்று குறித்திருப்பார்கள். ஒரு கிராம் எடையின் பளு 0.98 சென்டிநியூட்டன் ஆதலின், இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் நமக்குக் கேடொன்றும் இல்லை.

மலிவான விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசையின் கீழும் ரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அதை அடிவரை நசுக்கினாலன்றி எழுத்து விழாது. மெக்கானிகல் விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்சும், அதனுள் ஒரு சுருள்வில்லும் உண்டு. பெரும்பாலான சுவிட்சுகளில் தண்டு 4 மில்லிமீட்டர் கீழிறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கியவுடனேயே மின்தொடர்பு ஏற்பட்டு எழுத்து விழுந்துவிடும். மீதிப் பாதி வீண்பயணம். விரல் அந்தப் பாதி வழியில் நின்றுவிடக் கற்றுக்கொண்டால், அடித்தட்டில் மோதுகின்ற அதிர்ச்சி அதற்கு இல்லை. ஆனால் பாதி வழி வந்துவிட்டது என்பதை விரலுக்கு யார் அறிவிப்பது? அந்த அறிவிப்பைச் செய்யவே மேடு அமைத்தார்கள்.

இதைப் படமாக வரைந்து பார்த்தால் தெளிவாக விளங்கும். தாளில் கிடைக்கோடு ஒன்று இழுத்து, அதில் விசை இறங்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்துக் கோட்டில், அதற்கு வேண்டிய பளுவைக் குறியுங்கள். சுருள்வில் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுக்கு அது எதிர்க்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி. ஆதலின் வெறும் சுருள்வில் மட்டுமே உள்ள சுவிட்சுக்கு, சாய்ந்து மேலேறும் நேர்கோடு கிடைக்கும். இவ்வகையை லீனியர் என்பர். இரண்டாவது வகையில் அந்தக் கோடு ஓரிடத்தில் குன்றுபோல் உயர்ந்து, உடனே பள்ளத்தில் இறங்கி, பின்பு மீண்டும் ஏறும். குன்றின் மீது விரல் ஏறும்போது ஒரு தடை. தாண்டியதும் ஒரு விடுதலை. இதனை டாக்டைல் என்று கடைக்காரர் சொல்வர். உற்றுணர் சுவிட்சு என்று நாம் சொல்லலாம். மூன்றாவது வகையில் இந்த மேட்டோடு 'டிக்' என்னும் ஓசையும் சேர்ந்துவரும்.

சுவிட்சுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் "இது எத்தனை கிராம்?" என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்டு நின்றுவிடுகிறார்கள். என் கருத்தில் அவ்வெண் மிகக் குறைந்த செய்தியையே தருவது. கேட்கவேண்டியவை மூன்று. மேட்டின் உச்சிக்கும் அடுத்த பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு? மேடு வழியின் தொடக்கத்தில் நிற்கிறதா, நடுவில் நிற்கிறதா? மின்தொடர்பு மேட்டைத் தாண்டிய உடனே நிகழ்கிறதா, நெடுந்தூரம் கழித்து நிகழ்கிறதா? மேட்டைத் தாண்டிச் சரியும் வேகத்திலேயே தொடர்பும் நிகழுமாயின் விரலுக்குக் கிடைத்த செய்தி மெய்யான செய்தி. மேடு ஓரிடம், தொடர்பு வேறிடம் என்றால் அது வரும் வழியில் மாறிப்போன செய்தியே.

இனி, பழைய சந்தையில் அகப்படக்கூடிய வகைகளைப் பார்ப்போம்.

மிகுதியாகக் கிடைப்பது செர்ரி எம்.எக்ஸ். இனம். அமெரிக்காவில் தோன்றி ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனம் 1980-களின் நடுவில் இதனைக் கொண்டுவந்தது. தண்டின் தலை கூட்டல் குறிபோல் இருக்கும். தண்டின் ஒரு புறத்தில் இரண்டு சிறு கால்கள் உண்டு. அவை வளையும் செப்புத் தகடு ஒன்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். தண்டு கீழிறங்கும்போது கால்கள் விலக, தகடு பாய்ந்து மற்றொரு தகட்டைத் தொடும், மின்தொடர்பு உண்டாகும். பழுப்பு நிறத் தண்டில் அக்கால்கள்மேல் ஒரு சிறு புடைப்பு வைத்திருக்கிறார்கள். தகடு அப்புடைப்பின்மேல் ஏறி இறங்குவதே நாம் உணரும் மேடு. நிறுவனத்தின் பழைய ஏடுகளின்படி, மேட்டின் உச்சியில் ஏறக்குறைய 55 கிராமும், தொடர்பு நிகழுமிடத்தில் 45 கிராமும் வேண்டும். வேறுபாடு பத்தே கிராம். ஒளிபுகும் வெண்மையான தண்டுடையதை 'கிளியர்' என்பர். அதில் உச்சி 65, தொடர்பு 55. வேறுபாட்டு எண் ஒன்றேயாயினும் கிளியரின் புடைப்பு வடிவால் பெரிது, சுருள்வில்லும் வன்மையானது, விரல் அதை மறக்காது. பழுப்பின் மேடோ, வண்டி ஓடும் சாலையில் கிடக்கும் சிறு கல் போன்றது. வேகமாகச் செல்வோர் அதை உணர்வதே இல்லை. பழுப்பை விரும்புவோர் என்னோடு சண்டைக்கு வரலாம்; வரட்டும்.

நீலத் தண்டு ஓசை தரும் வகை. அதன் தண்டு இரண்டு உறுப்புகளாய்ப் பிரிந்தது. வெண்ணிறமான வெளியுறுப்பு தனியே வழுக்கிச் சென்று கீழே மோதுவதால் 'டிக்' ஒலி பிறக்கிறது. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். எழுத்து விழுந்த இடத்துக்கு மேலே நன்றாக விசை உயர்ந்த பின்னரே, சுவிட்சு மறுபடி அழுத்தத்துக்கு ஆயத்தமாகும். ஒரே எழுத்தை விரைவாக இருமுறை தட்டுவோர்க்கு இது சற்று இடைஞ்சல்.

செர்ரியின் காப்புரிமை 2014-ஐ ஒட்டி முடிவுற்றது. அதன்பின் சீன நாட்டு நிறுவனங்கள் பலவும் அதே வடிவில் சுவிட்சுகளைச் செய்து குவித்தன. கெய்ல், கேட்டரான் என்னும் பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே 'பழுப்பு' என்று விளம்பரத்தில் கண்டவுடன் அது இன்ன உணர்வு தரும் என்று முடிவு கட்டாதீர்கள். ஒருவர் பழுப்பு மற்றவர் பழுப்பன்று. விசைமூடியைக் கழற்றி, கூட்டின்மேல் பொறித்த பெயரைப் படியுங்கள். ஹோலி பாண்டா போன்ற பெருமேட்டுச் சுவிட்சுகளும் இப்போது பழைய சந்தைக்கு வருகின்றன. அது முதலில் இரு வேறு சுவிட்சுகளின் உறுப்புகளை ஆர்வலர்கள் கலந்து கட்டியதால் பிறந்தது. வழியின் தொடக்கத்திலேயே பெரிய குன்று நிற்கும்.

ஆல்ப்ஸ் என்பது ஜப்பானிய நிறுவனம். அதன் சுவிட்சுத் தண்டின் தலை நீள்சதுரமாக இருக்கும். ஆப்பிள் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட பெரிய விசைப்பலகையில் ஆரஞ்சு நிறத்தனவும், சால்மன் எனப்படும் இளஞ்சிவப்பு நிறத்தனவும் பயன்பட்டன. அவற்றுள் மேடு உண்டாக்குவதற்கென்றே தனித் தகடு ஒன்றும், மின்தொடர்புக்கு வேறோர் அமைப்பும் உண்டு. மேடு மிக வன்மையானது. விரல் வைத்த மாத்திரத்திலேயே தொடங்குவது. நல்ல நிலையில் உள்ள ஆல்ப்ஸை ஒருமுறை தொட்டவர் அதை எளிதில் மறவார். ஆனால், ஐயோ, நல்ல நிலையில் உள்ளது எங்கே கிடைக்கிறது? தூசியை இவ்வினம் தாங்குவதில்லை. நுண்ணிய தூசி உட்புகுந்து தண்டை உராய்ந்தால், பனையோலையை மணலில் இழுப்பதுபோன்ற கரகரப்பு வந்துவிடும். அதைக் கழுவித் துடைத்தாலும் முழுமையும் நீங்குவது அரிது.

இவற்றினின்றும் வேறுபட்டுத் தனியே நிற்பது ஐ.பி.எம். நிறுவனத்தின் வளையும் சுருள்வில். மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஓர் எல்லை வரை அது நிமிர்ந்து நின்று எதிர்க்கும், எல்லை கடந்ததும் சட்டென்று வில்லாய் வளைந்துவிடும், எதிர்ப்பு தளர்ந்துவிடும். கோல் வளைவதற்குரிய அந்த எல்லையைக் கணித வழியில் 1744-இல் ஆராய்ந்து வெளியிட்டவர் லெயோனார்டு ஆய்லர். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளும் பின்னும் சில ஆண்டுகளும் கழிந்தபின், ரிச்சர்டு ஹாரிஸ் என்னும் பொறியியலார் அதே நிகழ்ச்சியை ஒரு விசையின் கீழே அமைத்து, 1978-இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்குக் காப்புரிமை பெற்றுத்தந்தார்.

விசையின் கீழே நெடிய சுருள்வில் ஒன்று; அதன் அடியில் ஆடும் சிறு சுத்தியல். அழுத்த அழுத்த வில் குறுகும். ஏறக்குறைய 60 முதல் 70 கிராம் பளு வந்ததும் பக்கவாட்டில் மடியும்; மடிகின்ற வேகத்தில் சுத்தியலைக் கவிழ்க்கும்; சுத்தியல் கீழே தட்டும்போது எழுத்து விழும். இங்கே மேடு என்று தனியாக ஒன்றைச் செதுக்கி வைக்கவில்லை. வில் மடிவதே மேடு; அதுவே ஓசை; அதுவே எழுத்து. மூன்றும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. விரலுக்குப் பொய் சொல்லவே இயலாத அமைப்பு இது. எனக்கு எல்லாவற்றினும் பிடித்தது இதுவே என்பதை மறைப்பானேன்? 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யோடு மாடல் எஃப் என்னும் விசைப்பலகை இருந்தது; 1985-இல் மாடல் எம் வந்தது. பின்னர் லெக்ஸ்மார்க் நிறுவனத்தாரும், 1996 முதல் யூனிகாம்ப் நிறுவனத்தாரும் அதே மரபில் செய்தனர். ஆனால் விடுதியில் நால்வர் தங்கும் அறையில் இரவு பதினோரு மணிக்கு இதைத் தட்டினால், மற்ற மூவரும் உங்கள் நட்பை மறுபரிசீலனை செய்வார்கள்.

டோப்ரே என்னும் ஜப்பானிய வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரப்பர்க் குமிழ் மேட்டைத் தரும். கூம்பு வடிவச் சுருள்வில், மின்தேக்கத்தின் மாற்றத்தால் அழுத்தத்தைத் தெரிவிக்கும். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. 2001-இல் வந்த ரியல்ஃபோர்சும், 2003-இல் வந்த ஹாப்பி ஹேக்கிங் புரொஃபெஷனலும் இவ்வகையின. பழையதாயினும் விலை அதிகம். மாணவர் கைக்கு எட்டுவது கடினம்.

வகைகள் விளங்கிவிட்டன. வாங்கப் போகும் நாளுக்கு வருவோம்.

பையில் மூன்று பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, விசைமூடி கழற்றும் கம்பி இடுக்கி. இரண்டு, உங்கள் கைப்பேசியோடு விசைப்பலகையை இணைக்கும் ஓ.டி.ஜி. இணைப்பி, விற்பவர் வீட்டில் கணிப்பொறி இல்லாவிட்டாலும் குறிப்பேட்டுச் செயலியில் தட்டிப் பார்க்கலாம். மூன்று, பத்து ரூபாய் நாணயங்கள் பத்து. நாணயம் எதற்கு என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதல் வேலை, அதிகம் உழைத்த விசையையும், உழைக்காத விசையையும் அடுத்தடுத்து அழுத்திப் பார்ப்பது. ஒவ்வொரு பழைய விசைப்பலகையிலும் புதுமை மாறாத மூலை ஒன்று இருந்தே தீரும். பாஸ், ஸ்க்ரோல் லாக் என்னும் விசைகளை யார் தொடுகிறார்கள்? சிறிய பலகையானால் வலக்கோடியில் உள்ள கன்ட்ரோல் விசையைப் பாருங்கள். அவற்றின் கீழ் உள்ள சுவிட்சு, அப்பலகை பிறந்த நாளில் இருந்த உணர்வை இன்னும் வைத்திருக்கும். அதை விரலில் பதித்துக்கொண்டு, உடனே ஆங்கில 'இ', 'ஏ', 'டி' எழுத்துகளின் விசைகளை அழுத்துங்கள். மேடு தேய்ந்து மழுங்கியிருந்தால் இந்த ஒப்பீட்டில் மறையாது. வேறு கடையில், வேறு நாளில் தொட்ட சுவிட்சை நினைவிலிருந்து ஒப்பிடுவதைவிட இம்முறை பன்மடங்கு நம்பத்தக்கது. முன்பு உடையவர் தமிழ்99 முறையில் அடித்தவரானால் தேய்மானத்தின் இடம் மாறியிருக்கும். மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம் அமைந்த முறை அல்லவா அது?

இனி நாணயங்கள். இரண்டு உலோகங்களால் ஆன நம் பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம் எடையுள்ளது. ஏழு நாணயங்கள் 54 கிராம். நாணயம் அண்டை விசைகளைத் தொடாதிருக்க, சிறு அழிப்பான் துண்டு ஒன்றை விசையின்மேல் வைத்து, அதன்மேல் ஒவ்வொன்றாக, அதிர்ச்சியின்றி அடுக்குங்கள். லீனியர் சுவிட்சு, நாணயம் ஏற ஏறச் சிறிது சிறிதாய்த் தாழும். உற்றுணர் சுவிட்சோ குறித்த எண்ணிக்கை வரும் வரை மேட்டில் நின்று, அடுத்த நாணயத்தில் திடுமென இறங்கும். எத்தனையாவது நாணயத்தில் இறங்கியது என்பதே மேட்டின் உயரம். பாஸ் விசை ஏழில் இறங்கி, 'இ' விசை ஐந்திலேயே இறங்கினால் நீங்கள் விலை பேசத் தொடங்கலாம்.

மேடு குறைவதற்குத் தேய்மானம் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடலாகாது. செர்ரி நிறுவனம் தன் சுவிட்சுகளுக்கு 5 கோடி அழுத்தங்கள் ஆயுள் என்று கூறி வந்தது. நாளொன்றுக்கு 10,000 தட்டுகளில் இடைவெளிப் பட்டைக்கு ஆறில் ஒரு பங்கு என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 6 இலட்சம். 5 கோடியை எட்ட எண்பது ஆண்டுகளுக்கு மேலாகும்! விரலால் மாயும் சுவிட்சுகள் சிலவே. தேநீராலும் தூசியாலும் கடல்காற்றாலும் மாய்பவை பல. விசைமூடிகள் நாலைந்தைக் கழற்றி, அடித்தகட்டில் துரு உண்டா, சர்க்கரை காய்ந்த பிசுபிசுப்பு உண்டா என்று உற்றுப் பாருங்கள். வேறொரு காரணமும் உண்டு. ஆர்வம் மிக்க சிலர் சுவிட்சைத் திறந்து உள்ளே மசகு பூசுவர். லீனியருக்கு அது நன்மை. உற்றுணர் சுவிட்சின் கால்களில் பூசினாலோ, தகடு வழுக்கி, மேடு கரைந்துபோகும். "நான் இதை லூப் செய்திருக்கிறேன், மிக மென்மையாக இருக்கும்" என்று விற்பவர் பெருமையோடு சொன்னால், மென்மையைத் தேடி நீங்கள் வரவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். விசைமூடியின் உட்புறம் ரப்பர் வளையம் மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அது அடிமோதலை மறைத்து, சுவிட்சின் உண்மைத் தன்மையை ஒளிக்கும்.

எல்லாவற்றினும் கொடிய நோய் இரட்டித்தல். ஒருமுறை அழுத்த, எழுத்து இருமுறை விழும். தொடர்புத் தகட்டில் களிம்பேறுவதோ, தூசி படிவதோ காரணமாகலாம். என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, சிறுவர்களுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்துக் கிளியர் சுவிட்சுப் பலகை ஒன்று வாங்கினாள். விற்றவர் முன்னிலையில் இரண்டு வரி அடித்துப் பார்த்திருக்கிறாள், நன்றாகவே இருந்தது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலை அடிக்கத் தொடங்கியபோதுதான் குறை வெளிப்பட்டது. "ஐயா, நான் ஒருமுறைதான் அழுத்துகிறேன், 'என்' மட்டும் இரண்டாக விழுகிறது. திருத்துவதிலேயே இரவு போய்விடுகிறது" என்று கண் கலங்கச் சொன்னாள். விற்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது.

அவளுக்கு வழி அந்தப் பலகையிலேயே இருந்தது. மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுசென்று, 'என்' விசையின் கீழ் இருந்த சுவிட்சையும் ஸ்க்ரோல் லாக்கின் கீழ் இருந்ததையும் ஈயப் பற்றை உருக்கி எடுத்து, இடம் மாற்றிப் பற்றவைத்தோம். வேலை அரைமணி நேரம், கூலியும் சிறிதே. புதுமை மாறாத சுவிட்சு 'என்' எழுத்துக்கு வந்தது. இரட்டிக்கும் சுவிட்சு ஒருவரும் தொடாத மூலைக்குப் போயிற்று. எனினும், ஒவ்வொரு விசையையும் பத்துப் பத்துத் தடவை, மெதுவாகவும் விரைவாகவும் வாங்குமுன்னரே தட்டிப் பார்த்தல் நன்று. 87 விசைகளுக்கும் அது ஐந்து நிமிட வேலைதான். அவ்வளவு பொறுமை இல்லாத விற்பனையாளரிடம் வாங்காமலிருப்பதே மேல்.

சில புதிய பலகைகளில் ஈயப் பற்றே இல்லாமல் சுவிட்சைப் பிடுங்கி மாற்றும் குழிகள் உண்டு. அவற்றை ஹாட்ஸ்வாப் என்பர். அத்தகையதில் ஒரு சுவிட்சு கெட்டாலும் எளிதில் மாற்றிக்கொள்ளலாம். மேடு பிடிக்காவிட்டால் எல்லாவற்றையுமே மாற்றலாம். முதன்முதலாக வாங்குவோர்க்கு நான் இதையே சொல்வேன். ஆனால், பலமுறை பிடுங்கிச் செருகியதில் குழிகள் தளர்ந்திருக்கலாம். சுவிட்சின் கம்பிகள் மடங்கியிருக்கலாம். இறந்த விசை ஒன்று தென்பட்டால் அந்தச் சுவிட்சை வெளியே எடுத்துக் கம்பிகளைப் பாருங்கள். மடங்கிய கம்பியை நிமிர்த்தினால் பெரும்பாலும் உயிர்த்தெழும்.

மாடல் எம் வாங்குவோர்க்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. அதன் உள்தகடுகளைப் பிளாஸ்டிக் குமிழ்களே இறுகப் பிடித்திருக்கின்றன. நாட்பட நாட்பட அவை ஒடியும். போதிய குமிழ்கள் ஒடிந்தால் சில விசைகள் தளர்ந்து, வில் மடிந்தும் எழுத்து விழாது. பலகையைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்கிக் காது கொடுங்கள். உள்ளே பொடிக்கற்கள் போல் ஏதேனும் உருண்டால் ஒடிந்த குமிழ்களே அவை. குமிழ்களுக்குப் பதில் சிறு திருகாணிகள் பொருத்திச் சீராக்குவோர் உண்டு. அது ஒரு நாள் முழுவதும் வாங்கும் வேலை. உறையைத் திறக்கச் சாதாரணத் திருப்புளி போதாது, 5.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஒடுங்கிய குழாய்த் திருகி வேண்டும். பின்புறச் சீட்டில் அது செய்யப்பட்ட தேதி அச்சிட்டிருக்கும். விற்பவர் சொல்லும் வயதை அதனோடு ஒத்துப் பாருங்கள்.

விரல் வலி உள்ளவர்கள், மேடுள்ள சுவிட்சு வாங்கினால் வலி போய்விடுமா என்று என்னைக் கேட்பதுண்டு. விசைப்பலகை மருந்தன்று, வலிக்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆயினும், வன்மையான சுவிட்சு வேண்டாம், பளு குறைந்ததே வேண்டும் என்று அவர்கள் தெரிந்துகொள்வது நன்று. கிளியரின் மேடு பிடித்து, அதன் பளு மட்டும் பிடிக்காதவர்கள், அதற்குள் மெல்லிய சுருள்வில்லை இட்டுக்கொள்வதும் உண்டு. எர்கோ கிளியர் என்று அதற்குப் பெயரே வழங்குகிறது.

கடைசியாக இணைப்புக் கம்பியைப் பார்க்க மறவாதீர்கள். பழைய மாடல் எம் பலகைகளின் கம்பி முனை இன்றைய யு.எஸ்.பி. துளையில் நுழையாது. முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும் மலிவான இணைப்பி அவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. உள்ளே சிறு சில்லு வைத்து மொழிபெயர்க்கும் மாற்றியே வேண்டும். பழைய ஆப்பிள் பலகைகள் ஏ.டி.பி. என்னும் இணைப்பைக் கொண்டவை. 1998-இல் ஐமேக் வெளிவந்தபோதே ஆப்பிள் அதைக் கைவிடத் தொடங்கிற்று. அதற்கும் தனி மாற்றி உண்டு. மாற்றியின் விலையையும் கூட்டிப் பார்த்து, பிறகு விலை பேசுங்கள். விற்பவரிடமே மாற்றி இருந்தால், அதையும் சேர்த்துக் கொடுக்கும்படி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.